எட்டுக்கால் பூச்சி போட்டுவிட்டு ஓடிய முட்டைப்பையை வீட்டிலேயே பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்க முடியுமா?

முடியும். மூன்று முறை முயன்று ஒரு முறை ஜெயித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பொரிக்க வைப்பது பாதி வேலைகூட இல்லை. அதற்கப்புறம் இருநூறு வாய்க்குத் தீனி தேடுவதில்தான் நாக்குத் தள்ளிவிடும்.

துடைப்பத்தைக் கண்டு ஓடிய பெரிய பழுப்புப் பூச்சி, வயிற்றுக்கடியில் வெள்ளைக் காசு மாதிரி ஒன்று என்கிறீர்கள். அப்படியானால் அது நம் வீட்டுச் சுவர்களில் கரப்பான் பிடித்துத் தின்னும் வேட்டைச் சிலந்தி, அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. வலை கட்டி இரை பிடிக்கிற ஜாதி இல்லை. பெண் சிலந்தி முட்டைகளைத் தட்டையான பையில் வைத்து மூடி, குஞ்சு வெளியே வரும்வரை வயிற்றோடு அணைத்துச் சுமந்துகொண்டே திரியும். பயந்தால்தான் போட்டுவிட்டு ஓடும்.

அதனால் முதலில் தாயைத் தேடுங்கள். அலமாரிக்குப் பின்னாலோ கதவிடுக்கிலோதான் இருக்கும். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினால் பிடித்துவிடலாம். கையால் வேண்டாம், ஆபத்தில்லை என்றாலும் கடித்தால் வலிக்கும். பையோடு ஒரே டப்பாவில் விட்டுப் பாருங்கள். என்னிடம் இருந்தது பத்தே நிமிடத்தில் தன் பையைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது.

தாய் கிடைக்கவில்லையா? பையை ஈரப் பஞ்சின் மேல் வைத்துவிடாதீர்கள். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது: ஐந்தாம் நாள் பை முழுக்கப் பூஞ்சை. டப்பாவின் நடுவில் கொசுவலைத் துண்டைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் பையை வையுங்கள். அடியில் ஒரு மூடியில் கொஞ்சம் தண்ணீர் போதும். தினமும் ஒருமுறை மெதுவாகப் புரட்டிவிடுங்கள். தாய் சுமந்தால் தானாக நடக்கிற வேலை அது.

இரண்டாவது முயற்சி வேப்பமரப் பட்டையில் கிடைத்த வேறு ஏதோ சிலந்தியின் பை. ஆவலோடு காத்திருந்தேன். வெளியே வந்தது ஒரே ஒரு பூச்சி. முன்பாதி கும்பிடுபூச்சி, பின்பாதி கண்ணாடிச் சிறகு! மான்டிஸ்பிட் என்கிற இனம். அதன் புழு சிலந்திப் பைக்குள் நுழைந்து முட்டைகளை உறிஞ்சியே வளருமாம். ஏமாந்தாலும் பார்க்கக் கிடைத்த அதிர்ஷ்டம்தான்.

மூன்றாவது, தாயோடு வைத்தது. பை சுமந்த நாள் முழுக்க நான் போட்ட கரப்பானை அது தொடவே இல்லை. ஒரு மாதத்தை ஒட்டி ஒரு காலையில் பார்த்தால் டப்பாவின் சுவரெல்லாம் வெளிறிய புள்ளிகள். பை ஓரம் பிரிந்து கிடந்தது, உள்ளே உமி மாதிரி ஏதோ. லென்ஸ் வைத்துப் பார்த்தால், குஞ்சுகள் பைக்குள்ளேயே உரித்துப் போட்ட முதல் சட்டை! சிலந்திக் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் வெளியே வராது. உள்ளேயே ஒருமுறை தோலுரித்துவிட்டுத்தான் வரும்.

அன்றைக்கே ஒரு தப்பும் செய்தேன். மூடியில் காம்பஸ் முனையால் போட்ட ஓட்டைகள் காற்றுக்கு மட்டுமல்ல, குஞ்சுகளுக்கும் போதுமானதாக இருந்தன. சாயங்காலம் பூஜை அறையில் இருந்து அம்மாவின் குரல் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூடியே வேண்டாம், பழைய வேட்டித் துணியும் ரப்பர் பேண்டும் போதும்.

முதல் சில நாள் கும்பலாகத்தான் இருக்கும், தீனியும் கேட்காது. அப்புறம் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். அதற்குள் பத்துப் பன்னிரண்டை மட்டும் தனித்தனி மருந்து பாட்டில்களில் பிரித்துவிட்டு, மீதியைக் கொல்லைப்புறத்து விறகடுக்கில் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் வளர்க்கிறேன் என்று இறங்காதீர்கள்.

தீனிக்குப் பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தை ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் காகிதப் புனல் செருகி வைத்தால் ஈ உள்ளே போகும், வெளியே வரத் தெரியாது. எட்டுப் பத்து நாளில் அதிலேயே அடுத்த தலைமுறை ஈக்கள் வந்துவிடும். பறக்கிற ஈயைப் பிரிக்க முடியாது என்பதால் பாட்டிலை இரண்டு நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பேன் (வீட்டில் சொல்லாமல் செய்யவேண்டிய வேலை). தண்ணீருக்குப் பாட்டில் சுவரில் ஒரு தெளிப்பு.

குஞ்சு திடீரென்று சாப்பிடாமல் தலைகீழாகத் தொங்கினால் பயப்படாதீர்கள், சட்டை உரிக்கப் போகிறது. அப்போது உள்ளே ஈ இருந்தால் எடுத்துவிடுங்கள், பாட்டிலையும் ஆட்டாதீர்கள். தொங்குவதற்கு உயரம் வேண்டும். குட்டை டப்பாவில் வைத்த ஒன்று காலை உருவ முடியாமல் செத்துப்போனது.

உங்கள் பை நாற்பது நாள் தாண்டியும் அசையவில்லை என்றால் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கீறிப் பாருங்கள். முட்டைகள் சுருங்கி ஒட்டிக்கிடந்தால் அவ்வளவுதான். கால் முளைத்த வெள்ளை உருண்டைகள் இருந்தால் அப்படியே மூடிவைத்து இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.