மூன்று துறைகளிலும் ஒரே இடம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. கணக்கியல் படித்தேன், அது அப்பா எடுத்த முடிவு. அந்த வேலையில்தான் இருக்கிறேன். சம்பளம் வருகிறது, மனம் ஒட்டவில்லை. என் உண்மையான ஆர்வம் எது என்று கண்டுபிடிக்க நானும் முயலாமல் இல்லை. முதலில் புரோகிராமிங் கற்றேன். பாடங்கள் வேகமாகப் போயின. சொந்தமாக ஒரு செயலி எழுதியபோது எங்கோ பிழை, எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். பிறகு புகைப்படம். எடுக்கும்போது சந்தோஷமாக இருந்தது; எடுத்த படங்களில் நல்லதைப் பொறுக்க உட்கார்ந்தால் எதுவுமே தேறவில்லை. கடைசியாக வீடியோ எடிட்டிங். நான்கு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்தேன். நண்பரின் குறும்படத்தில் வசன ஒலியைச் சுத்தம் செய்யும் கட்டம் வந்ததும் சலித்துவிட்டது. பாதியில் கிடக்கிறது.

உண்மையான ஆர்வம் என்றால் இப்படிச் சலிக்குமா? வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுமூச்சாகத் தேடினால் என் துறை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. 17 வயதில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது என்ற கோபமும் தீரவில்லை. என்ன செய்யட்டும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் விட்டுவந்த மூன்று இடங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிழையைத் தேடும் இடம். தேறாத படங்களைக் கழிக்கும் இடம். ஒலியில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்கும் இடம். துறைதான் வேறு, இடம் ஒன்று. நாம் செய்ததில் உள்ள குறையை நாமே உட்கார்ந்து பார்த்தாக வேண்டிய இடம் அது. நான்காவதாக எதைத் தொட்டாலும் அதிலும் இந்த இடம் வரும். அதனால் ஓராண்டுத் தேடல் உங்களுக்கு உதவும் என்று நான் நம்பவில்லை.

‘உண்மையான ஆர்வம் என்றால் சலிக்குமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தையே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பால் ஓ’கீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் 2018-ல் வெளியிட்டது. கருந்துளை பற்றிய ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் கருத்துகளை விளக்கும் சுவையான காணொளியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு அது பிடித்துப்போனது. அடுத்து அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது ஏற்கெனவே நமக்குள் இருப்பது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களிடம் அந்த ஈடுபாடு சட்டென்று சரிந்தது. ஆர்வம் வளர்த்தால் வளரும் என்று நினைத்தவர்களிடம் அவ்வளவு சரிவில்லை. கட்டுரை இரு தரப்புக்கும் ஒன்றுதான். முதல் தரப்பினர் அதன் கடினத்தையே ‘இது நமக்கானதல்ல’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடிதத்திலும் அதே தர்க்கம்தான் இருக்கிறது.

சார்லஸ் டார்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். வேட்டை, நாய், எலி பிடிப்பது தவிர உனக்கு எதிலும் அக்கறை இல்லை, குடும்பத்துக்கே அவமானமாகப் போகிறாய் என்று அப்பா திட்டியதைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் உயிரினங்கள் மாறுகின்றன என்ற கருத்து அவருக்குள் உருவாகிவிட்ட நிலையில், 1845-ல் தாவரவியலாளரான நண்பர் ஹூக்கர் ஒரு கடிதத்தில், பல இனங்களை நுணுகி விவரித்துப் பழகாதவருக்கு இந்தக் கேள்வியை ஆராயும் உரிமையே இல்லை என்ற பொருளில் எழுதினார். அவர் டார்வினைக் குறிவைத்து எழுதவில்லை. டார்வின்தான் அதைத் தனக்காக எடுத்துக்கொண்டார். வலிக்கும் அளவுக்கு உண்மை என்று பதில் போட்டார். மறு ஆண்டு, கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் ஒட்டி வளரும் ஓடுடைய சிற்றுயிர்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை எட்டு ஆண்டுகள், 1854 வரை இழுத்தது. நடுவில் 1852-ல் எழுதிய கடிதமொன்றில், இந்த உயிரியை என்னைப்போல் வெறுத்த மனிதன் இருந்ததில்லை என்கிறார். ஆனாலும் மேசையைவிட்டு எழவில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை அந்த வெறுப்புக்கு நடுவில்தான் கண்கூடாகக் கண்டார். 1859-ல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற அவரது பெரும் நூலுக்குப் பின்னால் அந்த எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

டார்வினிடம் குடும்பப் பணம் இருந்தது, சம்பளத்துக்கு ஓட வேண்டியதில்லை. அதை மறைத்துவிட்டு அவரை உதாரணம் காட்டுவது நியாயமாகாது. எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பணம், உடல்நிலை, வீட்டுச் சுமை, நேரத்தில் வந்து சேரும் உதவி எல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் ஹூக்கரின் வரியைப் படித்துவிட்டு, ‘இந்தக் குறை என்னுடையது, நான்தான் சரிசெய்ய வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டாரே, அதற்குப் பணம் தேவைப்படவில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 17 வயதில் உங்களைக் கேட்காதது தவறுதான், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நண்பரின் குறும்படம் பாதியில் கிடப்பதற்கு அப்பா காரணமில்லை. அந்த இரவுகளில் யாரும் உங்களைத் தடுக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கட்டினால் பழைய கோபம் இன்றைய வேலைக்குச் சாக்காகிவிடும்.

வேலையை விட வேண்டாம். சம்பளம் நின்றுவிட்டால் நீங்கள் தொடும் ஒவ்வொன்றும் உடனே பலன் தந்தாக வேண்டும் என்ற பதற்றம் வந்துவிடும். சலிப்பைத் தாங்கும் கொஞ்ச நஞ்சப் பொறுமையும் அதில் போய்விடும். அமெரிக்காவில் வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கியவர்களையும், வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில், முதல் வகையினர் தோற்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

மூன்றில் எதற்குத் திரும்புவது என்றால், எடிட்டிங் என்பேன். அதில்தான் நான்கு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள், அதோடு ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். இரவில் அரை மணி நேரம் போதும். ஒரு வசனத்தை எடுங்கள். நடிகரின் மூச்சு, மின்விசிறி இரைச்சல், சட்டையில் மைக் உரசிய சத்தம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உரசலை வெட்டினால் அந்த இடம் செத்துப்போனதுபோல் ஒலிக்கும். ஆள் பேசாதபோது பதிவான அறையின் வெறும் ஒலியை அங்கே நிரப்பி, இரு முனைகளையும் வெட்டு தெரியாமல் இழைக்க வேண்டும். சில வசனங்கள் தாண்டியதும் உங்கள் காது மாறத் தொடங்கும். படப்பிடிப்பிலேயே மைக்கை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று புரியும். அடுத்த படத்தில் அதைச் செய்துபார்க்க ஆசை வரும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆர்வம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. முழுப் படத்தையும் முடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். நண்பருக்கு மட்டும் இன்றே கூப்பிட்டு, எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.