எஃகில் ஓடும் கொடிக்கருக்கு: கேள்வி பதில்

வேட்டைத் துப்பாக்கிகளின் பக்கத் தகட்டில் சுருள் சுருளாக ஓடும் கைவேலையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பர்மிங்ஹாமில் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் அதே வேலையில் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், உளியை எப்படிப் பிடித்தாலும் என் சுருள் உடைந்த வட்டமாகவே வருகிறது. பிடியில் தவறா?

உங்கள் தகட்டின் படத்தைப் பார்த்தேன். பிடி நன்றாகவே இருக்கிறது, கோளாறு வரைதலில். நம் கோயில் தூண்களில் கொடிக்கருக்கைக் கவனியுங்கள். தாய்க்கொடி ஒன்று வளைந்து போகும். இலைகள் அதில் குத்திட்டு நிற்காமல், கொடி போகிற திசையிலேயே பிரிந்து வளையும். துப்பாக்கிச் சுருளுக்கும் இதுதான் இலக்கணம். நீங்கள் இலையை முதலில் போட்டுவிட்டுக் கொடியை அதற்கேற்ப வளைக்கிறீர்கள். தாய்க்கொடியை மட்டும் முதலில் வரையுங்கள். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வளைவு எங்கே தட்டையாகிறது என்று உடனே தெரிந்துவிடும். அது சரியான பிறகுதான் இலை.

எஃகின் மேல் துத்தநாக வெள்ளையை விரலால் மெல்ல ஒற்றி, காய்ந்ததும் கூர்ப்பென்சிலால் வரைவோம். வெட்டும்போது உளியின் திசை அவ்வளவாக மாறாது, தகடுதான் சுழலும். தகட்டைக் கவ்விப் பிடிக்கும் உருண்டை வைஸ் இருந்தால் இடது கை அதைத் திருப்பிக்கொண்டே வரும். சுத்தியலால் தட்டி வெட்டும் பழைய ஆட்கள் நின்றுகொண்டு, வைஸைச் சுற்றி நடந்தபடியே ஒரு சுருளை முடிப்பார்கள். அந்த நடையில் தயக்கம் வந்தால் கோட்டிலும் தெரியும்.

அண்ணா, நான் நகைப் பட்டறைக்காரன். வெள்ளியில் ஓடும் உளி எஃகில் முனை முறிகிறதே?

உளியின் முகப்புச் சாய்வு 45 பாகை என்றால் 50, 55 பக்கம் கொண்டுபோங்கள். முனைக்குப் பின்னால் சதை கூடும், தாங்கும். அடியில் 15 முதல் 20 பாகையில் ஒரு குதிகால், அதாவது சின்னச் சாய்வு, தீட்டுங்கள். அது அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நீண்ட குதிகால் இறுக்கமான வளைவில் வெளிச்சுவரை உரசிப் பாழாக்கும். கார்பைடு முனை நெடுநேரம் உழைக்கும், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் நொறுங்கும்.

கூர் பார்க்க முனையைக் கட்டைவிரல் நகத்தில் வையுங்கள். பிடித்து நின்றால் கூர், வழுக்கினால் சாணைக்குப் போக வேண்டும். லென்ஸில் பார்க்கும்போது முனையில் ஒரு புள்ளி மின்னினாலும் முறிந்துவிட்டது என்றே அர்த்தம்.

கையால் வெட்டியதா, லேசரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு லென்ஸ் போதும். கைக்கோடு மெலிந்து தொடங்கி, வளைவில் பருத்து, மீண்டும் மெலியும். பள்ளத்தின் இரு சுவர்களும் கண்ணாடிபோல் ஒளிவிடும். லேசர் பள்ளத்தின் அடி பொரபொரப்பாக இருக்கும். உருளையால் அழுத்திய வேலையில் பள்ளங்கள் மழுங்கித் தெரியும். ஒரே அச்சு என்பதால் எல்லாத் துப்பாக்கியிலும் அதே படம்தான்.

இங்கிலாந்துச் சுருள் பொடிப்பொடியாக, அமெரிக்கச் சுருள் பெரிதாக இருப்பது ஏன்?

கைகளும் பட்டறைகளும் வேறு. லண்டனில் பர்டி நிறுவனத்தின் பாணி பொடிச்சுருளும் ரோஜாக் கொத்தும். தூரத்தில் நின்று பார்த்தால் எஃகின் மேல் வெறும் பட்டுப் பளபளப்புதான் தெரியும், கிட்டே வந்தால்தான் பூ. அதே ஊரின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 'ராயல்' துப்பாக்கிகளில் இலைகள் பெரியவை. ஆக, ஒரே ஊருக்குள்ளும் ஒரே பாணி கிடையாது. அமெரிக்கப் பாணியை வளர்த்தவர்களில் பலர் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கோல்ட் (Colt) நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்கு வெட்டிய குஸ்டாவ் யங், நியூயார்க்கின் நிம்ஷ்கே இருவரும் அப்படித்தான். நிம்ஷ்கே தான் வெட்டியவற்றை மசியில் பதிவெடுத்துச் சேர்த்து வைத்தார், அந்தத் தொகுப்பு இன்றும் இருக்கிறது. நீங்களும் முதல் தகட்டிலிருந்தே பதிவெடுத்து வையுங்கள்.

இத்தாலியின் கார்தோனே வால் டிரோம்பியாவில் வளர்ந்த புலினோ தனி வழி. ரூபாய் நோட்டுப் படம்போல் நுண்புள்ளிகளாலும் கோடுகளாலும் பறவையின் இறகைக்கூடக் காட்டுவார்கள். எனக்குப் பார்க்கத் தெவிட்டாது. ஆனால் ஆழமில்லாத வேலை, அடிக்கடி கைபட்டால் தேயும். தினமும் எடுத்துப் புழங்கும் துப்பாக்கிக்குச் சுருள்தான் என் தேர்வு.

பதம் ஏற்றிய பிறகு வெட்டலாமா?

உளி சறுக்கும். வெட்டி முடித்த பிறகுதான் எலும்புக்கரி, மரக்கரியோடு பெட்டியில் அடைத்துச் சூடேற்றி, குளிர்ந்த நீரில் தோய்ப்பார்கள். மேல்தோல் கெட்டியாகும். நீலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக நிறமும் வரும்.

உளி வழுக்கிவிட்டால்?

மேலோட்டமான கீறல் என்றால் இருபுறத்து உலோகத்தையும் மழுங்கிய உளியால் மெல்லத் தட்டி மூடி, கல்லால் தேய்க்கலாம். ஆழமானால் வரைவை மாற்ற வேண்டும். என் மூன்றாவது வருடத்தில் ரோஜாக் கொத்திலிருந்து கரைக்கோடு வரை ஒரு கீறல் போய்விட்டது. அதை ஒரு இலையின் நரம்பாக்கினேன். ஆசான் பார்த்துவிட்டு, மறுபக்கத் தகட்டிலும் அதே இடத்தில் அதே இலையை வெட்டச் சொன்னார். இரண்டு நாள் ஆனது.

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் சுருள் தேய்ந்துவிட்டது. உரிமம் என் பெயரில் உள்ளது. வெட்டித் தருவீர்களா?

தம்பி, வேண்டாம். தேய்ந்த பழைய வேலைக்கு மேல் புதுக்கோடு போனால் வெட்டியவரின் கைவண்ணம் அழிந்துவிடும், விலையும் குறையும். இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும், என்னிடம் அது இல்லை. துப்பாக்கியில் பொறித்த அடையாள எண்ணையும் முத்திரையையும் அழிப்பதோ மாற்றுவதோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். லேசாக எண்ணெய் பூசி வையுங்கள், போதும்.

எனக்கு 46 வயது. இப்போது தொடங்கலாமா?

தாராளமாக. நல்ல லென்ஸும் விளக்கும் இருந்தால் கண் ஒத்துழைக்கும். இரண்டு அங்குல மைல்டு ஸ்டீல் தகட்டை 400 நம்பர் எமரித்தாளில் தேய்த்து, நேர்க்கோடுகள் மட்டும் வெட்டுங்கள். நூறு கோடு ஆனதும் முதலாவதையும் நூறாவதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். அப்புறம் வளைவுக்குப் போவோம்.