893 மீட்டர்தானே? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மேற்படிப்புக்காக நியூகாசில் வந்து எட்டு மாதம் ஆகிறது. வடக்கு இங்கிலாந்தின் மலைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்த பிறகு, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மே மாத நடுவில் கிராஸ் ஃபெல் போகலாம் என்று இருக்கிறோம். பென்னைன் தொடரிலேயே உயரமானது என்கிறார்கள், ஆனாலும் 893 மீட்டர்தானே? ஏற்காடே 1,500 மீட்டர். கொடைக்கானல் காடுகளில் நாள் முழுக்க நடந்து பழகியவர்கள் நாங்கள். டஃப்டனில் ஆரம்பித்து உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் காரிகில் கிராமத்தில் இறங்குவது திட்டம், மொத்தம் 25 கிலோமீட்டர். போனில் பாதையை இறக்கி வைத்திருக்கிறோம். ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? மூர் என்பது மரமில்லாத புல்வெளிதானே, அதில் அப்படி என்ன கஷ்டம்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

ஸ்போர்ட்ஸ் ஷூ போதாது. கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத பூட்ஸ் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. முதலில் அந்த 893-ஐப் பார்த்துவிடுவோம்.

கொடைக்கானல் பத்தாவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, கிராஸ் ஃபெல் 54.7-இல். மீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். கிராஸ் ஃபெல்லுக்குக் கிழக்கே மூர் ஹவுஸ் என்ற இடத்தில், சுமார் 550 மீட்டர் உயரத்தில், நெடுங்காலமாக வானிலையை அளந்து வருகிறார்கள். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டியது. மழை ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். இந்த மழை நம்மவர்களுக்குப் பெரிதில்லை, சின்னக்கல்லாறில் இதைவிட அதிகம் கொட்டும். ஆனால் அங்கே பெய்து ஓய்கிறது, பிறகு வெயில் அடிக்கிறது. இங்கே பன்னிரண்டு மாதமும் விட்டுவிட்டுத் தூறும், நிலம் காயவே காயாது.

காயாத நிலத்தில் செத்த பாசியும் புல்லும் மக்காமல் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அதுதான் பீட். ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். வழியில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அரித்துப்போன கரிய பள்ளத்தைப் பார்த்தால், அந்தச் சுவரின் அடி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. நீலகிரியின் மேட்டுப் பகுதிகளிலும் பீட் உண்டு, ஆனால் அங்கே அது பள்ளத்தாக்குச் சதுப்புகளில் தேங்கியிருக்கும். பென்னைனில் மேடு, சரிவு, முதுகு என்று பார்க்காமல் கம்பளி போர்த்தினாற்போல் மூடிக்கிடக்கிறது. நீங்கள் புல்வெளி என்கிறீர்களே, அது தண்ணீரில் ஊறின பஞ்சு.

அதன்மேல் நடக்க நிறம் பார்க்கத் தெரிய வேண்டும். ஹெதர் புதர் படர்ந்த பழுப்புத் தரை ஓரளவு காய்ந்தது, கால் தட்டும், ஆனால் உள்ளே போகாது. வைக்கோல் நிறப் புல் சுமாரானது. வெள்ளைப் பஞ்சு தலையாட்டுகிற பருத்திப்புல் தெரிந்தால் கீழே ஆழமான பீட், ஈரம் நிச்சயம். கரும்பச்சை ஊசி போல நாணல் குத்துக்குத்தாக நின்றால் அடியில் நீர் ஓடுகிறது. கண்ணைப் பறிக்கிற இளம்பச்சை மெத்தையைத்தான் புதிதாக வருகிறவர்கள் நல்ல தரை என்று நம்பி மிதிப்பார்கள். அது ஸ்பேக்னம் பாசி, தண்ணீரின்மேல் மிதக்கிற பாய். சந்தேகம் வந்தால் கைத்தடியை ஊன்றிப் பாருங்கள், ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் சுற்றிப் போங்கள். தொடைவரை புதைந்துவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பூட்ஸ் உள்ளே தங்கிவிடும், இழுக்கிற வேகத்தில் மற்ற காலும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உடம்பின் எடையைப் பரப்பி, காலைச் சிறிது சிறிதாக ஆட்டிச் சுற்றிலும் நீர் இறங்க விட்டால் பிடி தளரும். இடையிடையே குட்டைப் புல் முளைத்த உறுதியான பட்டைகள் வரும். அங்கே அடியில் சுண்ணாம்புக்கல், நிம்மதியாக நடக்கலாம். குழிகளை மட்டும் கவனியுங்கள்.

பீட் அரித்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற இடத்தை 'ஹாக்' என்பார்கள். இதற்குள் நேர்கோட்டில் நடக்க முடியாது. ஒவ்வொரு பள்ளமும் உங்களை ஐந்து பத்து அடி ஒதுக்கிவிடும், அரைமணி நேரத்தில் திசையே மாறியிருக்கும். காம்பஸ் காட்டும் திசையில் 30, 40 மீட்டருக்குள் ஒரு கல்லையோ குத்துப்புல்லையோ குறி வைத்து, எப்படிச் சுற்றினாலும் அதைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து அடுத்த குறி எடுக்க வேண்டும். மூடுபனியில் நண்பர் ஒருவரை முன்னே அனுப்பி, அவரையே குறியாக நிற்க வைக்கலாம். நாலு பேர் போவதில் இது ஒரு வசதி.

கொடைக்கானல் பழக்கம் இங்கே கைவிடுவதும் இந்த இடத்தில்தான். அங்கே பள்ளத்தாக்கும் முகடும் எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டிக்கொடுக்கும். கிராஸ் ஃபெல்லின் தலை ஒரு பரந்த மேசை. மேகம் இறங்கிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சமதளம், ஒரே சாம்பல் நிறம். அதில் தெளிவாகத் தெரிகிற ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் ஆடு போட்டது. மனிதர் பாதை மாதிரியே இருக்கும், மலையைப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டே போய் ஓரிடத்தில் காணாமல் போய்விடும்.

வரைபடம் தாளிலேயே இருக்கட்டும். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 31 எண் வரைபடம், 1:25,000 அளவு. அதில் உள்ள பெயர்களே பாதி வழி சொல்லிவிடும். ஃபெல் என்பது வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், மலை என்று பொருள். 'பெக்' ஓடை, 'சைக்' அதைவிடச் சின்ன வாய்க்கால், 'கில்' ஆழமான ஓடைப்பள்ளம். பெயரின் கடைசியில் 'மாஸ்' என்று வந்தால் பாசி என்று படிக்காதீர்கள், அது சதுப்பு, ஒதுங்கிப் போங்கள். 'மேன்' என்றால் அடுக்கிவைத்த கற்குவியல், நாக் ஓல்டு மேன் என்று பார்த்துக் கிழவரைத் தேட வேண்டாம். 'ஷேக் ஹோல்' சுண்ணாம்புக்கல் உள்வாங்கிய குழி. 'ஹஷ்' என்பது ஈயச் சுரங்கக்காரர்கள் அணைகட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு மண்ணைக் கழுவிய வடு. ஹஷ் எங்கேயோ, பக்கத்திலேயே பழைய சுரங்கக் குழிகளும் இருக்கும், இருட்டில் அந்தப் பக்கம் வேண்டாம்.

இனிக் காற்று. பிரிட்டனில் தனக்கென்று ஒரு பெயர் உள்ள ஒரே காற்று இந்த மலையுடையது, ஹெல்ம் காற்று. வடகிழக்கிலிருந்து வருகிற குளிர்காற்று மெல்லச் சரிந்து உயரும் கிழக்குப் பக்கம் ஏறி, செங்குத்தான மேற்குச் சரிவில் ஈடன் பள்ளத்தாக்கை நோக்கி விழுகிறது. விழுகையில் வேகம் கூடுகிறது. பொதுவாக மலையின் மறைவுப் பக்கம் ஒதுங்கினால் காற்று அடங்கும், இங்கே மறைவுப் பக்கம்தான் அடி அதிகம். 1930-களின் கடைசியில் கார்டன் மேன்லி என்ற வானிலையாளர் பக்கத்து மலையான கிரேட் டன் ஃபெல் உச்சியருகே ஒரு குடில் வைத்து இதை அளந்தார். அடையாளம் எளிது. முகட்டின்மேல் தொப்பி போல மேகம், அதற்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் முகட்டுக்கு இணையாக அசையாமல் நிற்கும் நீண்ட உருளை மேகம். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் அதிகம் வரும், மே மாதமும் தப்பாது. ஆகவே கிராமத்து வானிலையைப் பார்க்காதீர்கள், மலைக்கென்று தனியாக வெளியிடும் அறிக்கையில் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள். கீழே 12 டிகிரி என்றால் உச்சியில் 7 அல்லது 8, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் அதுவும் பூஜ்யத்தை ஒட்டியதாகத்தான் உடம்புக்குத் தெரியும்.

உங்கள் பாதைக்கு வருவோம். டஃப்டனிலிருந்து நாக் ஃபெல், கிரேட் டன் ஃபெல், லிட்டில் டன் ஃபெல், கிராஸ் ஃபெல், காரிகில் என்பது பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையின் ஒரு முழு நாள் பகுதி. நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 25 கிலோமீட்டருக்கு 5 மணி, ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து ஏறுவது சுமார் 1,000 மீட்டர், அதற்கு 1 மணி 40 நிமிடம். ஈரத் தரைக்குக் கால்பங்கு கூட்டுங்கள், 8 மணி 20 நிமிடம். சாப்பாடு, போட்டோ, ஒருத்தர் ஷூ லேஸ் கட்டுவது எல்லாம் சேர்ந்தால் பத்து மணி நேரம். இறங்கும் காரிகில்லில் ரயில் கிடையாது. பாதி வழியில் வானிலை கெட்டால் திரும்பி வரவும் மனசு வராது. முதல்முறைக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

பதிலாக இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் கார்லைல் வழியாக ஆப்பிள்பிக்கு ரயில், அங்கிருந்து டஃப்டன் 6 கிலோமீட்டருக்குள். டஃப்டனிலிருந்து ஹை கப் நிக் போக 6, வர 6. பாதை தெளிவானது, ஏற்றம் சீரானது. விளிம்பை எட்டும்வரை எதுவும் தெரியாது, பிறகு பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு திடீரென்று காலடியில் திறந்துகொள்ளும். சுற்றிலும் டோலரைட் என்ற கரிய பாறைத் தூண்கள், அதுதான் வின் சில், சுமார் 29 கோடி ஆண்டுக்கு முன் பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்து உறைந்த பாறைக்குழம்பு. அதில் தனித்து நிற்கிற ஒரு தூண் நிக்கல்ஸ் சேர். டஃப்டன் செருப்புத் தொழிலாளி ஒருவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு ஜோடி பூட்ஸுக்கு அடி தைத்தார் என்பார்கள், உங்கள் ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ. விளிம்பில் காற்று தூக்கும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தென்கிழக்கே மேஸ் பெக் ஓடைக்கு அப்பால் மிக்கிள் ஃபெல் பக்கம் ராணுவத்தின் வார்காப் பயிற்சி நிலம். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது, கீழே கிடக்கிற எந்த உலோகத் துண்டையும் தொடக் கூடாது.

இரண்டாம் நாள் கிர்க்லண்ட் கிராமத்திலிருந்து கிராஸ் ஃபெல் ஏறி, வந்த வழியே திரும்புங்கள். போக வர சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் 670 மீட்டர், நிதானமாக 6 மணி நேரம். இந்த வழி பழைய பிணப்பாதை. காரிகில்லில் இறந்தவர்களை மலை தாண்டி கிர்க்லண்ட் தேவாலயத்துக்குத் தூக்கி வந்த தடம். அது உச்சிக்கு ஏறாமல் வடக்கே தோளைச் சுற்றிப் போகிறது, பென்னைன் வே குறுக்கிடும் இடத்தில் வலப்பக்கம் திரும்பி ஏற வேண்டும். கிரெக்ஸ் ஹட் என்ற கல்வீடு கண்ணில் பட்டால் திருப்பத்தைத் தாண்டிவிட்டீர்கள். உச்சியில் சிலுவை வடிவக் கற்சுவர் இருக்கிறது, காற்று எங்கிருந்து அடித்தாலும் ஒரு மூலை மறைவாக இருக்கும். அங்கே உட்கார்ந்ததும் முதல் வேலை, காம்பஸில் வடக்கே இறங்கும் திசையைப் பிடித்து வைப்பது. சாப்பிட்டு எழுந்ததும் எந்தப் பக்கமாக வந்தோம் என்பது மறந்திருக்கும். வடக்கே சரியாக இறங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் பிணப்பாதை கிழக்கு மேற்காகக் குறுக்கே வந்துவிடும், இடப்பக்கம் திரும்பினால் கிர்க்லண்ட். தூரத்தை அடி எண்ணியே அளக்கலாம். சமதரையில் 100 மீட்டருக்கு உங்கள் இடது கால் எத்தனை முறை படுகிறது என்று ஊரிலேயே எண்ணி வையுங்கள். பலருக்கு 65-ஐ ஒட்டி வரும், குத்துப்புல்லில் 80 ஆகும்.

போன் பாதையை நம்புங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். குளிரில் பேட்டரி சடாரென்று இறங்கும், ஈரத்திரை விரலைக் கேட்காது. ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைச்சட்டையோடு மழைக்கால்சட்டையும் வேண்டும். குல்லா, ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, தலைவிளக்கு, விசில், ஆபத்துக்கு உள்ளே நுழைந்துகொள்ள ஆரஞ்சு நிற உயிர்காப்புப் பை. சாப்பாடு கையுறையைக் கழற்றாமல் தின்னக்கூடியதாக இருக்கட்டும்: சப்பாத்திச் சுருள், கடலை மிட்டாய். தயிர்சாதம் அறைக்குத் திரும்பிய பிறகு.

விபத்து என்றால் 999, முதலில் போலீஸ் கேட்டு அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமானால் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் முன்பே 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும், இன்றே செய்துவிடுங்கள். விசில் நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதல்.

மே மாதம் தரையில் பறவைகள் கூடு வைத்திருக்கும். ஒரு பறவை சோகமாக ஒற்றை விசிலடித்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே ஓடினால் அது கோல்டன் புளோவர், குஞ்சு பக்கத்தில் இருக்கிறது. நின்று பார்க்காமல் பாதையிலேயே கடந்துவிடுங்கள்.

அன்று வடகிழக்குக் காற்று என்று அறிக்கை சொன்னால் இரண்டு நடையையும் விட்டுவிட்டு மலைக்குக் கிழக்கே, மேல் டீஸ்டேல் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே அதே காற்று சாதாரணக் காற்றுதான். ஹை ஃபோர்ஸ் அருவி, மேலே கால்ட்ரன் ஸ்னவுட், இரண்டும் வின் சில் பாறையில் விழுபவை. சுண்ணாம்புத் தரையின் குட்டைப் புல்லில் வசந்த ஜென்ஷியன் பூத்திருக்கும், விரல் நகமளவு, அப்படியொரு நீலம். வெயில் வந்தால்தான் விரியும், ஆகையால் மேகம் விலகும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம்.