சாதிவெறி பேசும் அமைப்புக்குக் கூட்டம் போட அனுமதி கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் 1977-ல் யூதர்கள் நிறைந்த ஸ்கோக்கி ஊரில் நாஜிகள் ஊர்வலம் போகும் உரிமைக்காக ஒரு யூத வக்கீலே வாதாடினாராம். இங்கே சாதிவெறி பேசுகிற அமைப்புகளுக்கும் அந்த உரிமை உண்டா?

கூட்டம் போடட்டும் என்பதுதான் என் கட்சி. நான் வடசென்னைக்காரன், கால்வாய் ஓரத் தெரு. அவர்கள் மேடை ஏறினால் திட்டு வாங்கப்போவது எங்கள் ஆட்கள்தான். தெரிந்தேதான் சொல்கிறேன்.

பெரிய தத்துவமெல்லாம் இல்லை. எங்கள் படிப்பகம் சார்பில் ஒரு தெருமுனைக் கூட்டம் போட வேண்டுமானால் முன்கூட்டியே ஸ்டேஷனில் மனு கொடுக்கணும். யார் பேச்சாளர், என்ன தலைப்பு, எவ்வளவு பேர் வருவார்கள், பாக்ஸ் ஸ்பீக்கர் எத்தனை, எல்லாம் எழுதித் தரணும். அதற்கு அவர்கள் காட்டுவது வெள்ளைக்காரன் காலத்து 1888-ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டம், 41-வது பிரிவு. அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 கூட்டத்துக்கே 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்' என்று ஒரே வரியில் மனுவைத் திருப்பியிருக்கிறார்கள். சாதிப் பெருமை பேசுகிற சங்கத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஏசி கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பிரியாணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போய்விடும். அப்புறம் தடை யார் தலையில் விடியும்? தெருவை விட்டால் வேறு இடமில்லாதவன் தலையில்தான்.

1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கு. சாதிவாரி இட ஒதுக்கீட்டைத் தாக்கிய படம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்தை அடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. எங்கள் மனு திரும்பி வரும்போது வக்கீல் தோழர் தூக்கிக்கொண்டு வருவதும் அதே தீர்ப்பைத்தான்.

அதற்காக எதை வேண்டுமானாலும் பேசலாமா? 'இட ஒதுக்கீடு ஒழிக' என்றால் எரிச்சலாக இருக்கும், பதில் பேசிக்கொள்ளலாம். 'அந்தத் தெருக்காரனை உள்ளே விடாதே, வெட்டு' என்றால் அது குற்றம். பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சமூகங்களுக்குள் பகை மூட்டினால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 153-ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு. பேசியவன் மேல் வழக்குப் போடட்டும், வீடியோ கையிலேயே இருக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஓர் இன்ஸ்பெக்டர் ஆள் பார்த்து முடிவு செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

 

இந்த வழக்குப் போடுகிற இடத்தில்தான் இங்கே ஓட்டை. வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் தானாகவே வழக்குப் பதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. நாங்கள் வீடியோவோடு புகாரை எடுத்துக்கொண்டு போனாலும் புகாரை வாங்கிக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்குள் ராத்திரி ஆகிவிடுகிறது.