எலுமிச்சை சாதம் என்ன பாவம் செய்தது?

கேள்வி: 12 வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானல் போகும்போது, வத்தலகுண்டில் பஸ் நின்ற இடத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மலை வளைவில் வாந்தி. அன்றிலிருந்து அதன் வாசனையே ஆகவில்லை. குற்றவாளி பஸ்தான் என்று எனக்கே தெரியும். ஆனால் பஸ்ஸில் இன்றும் ஜாலியாகப் போகிறேன். சாதத்தின் மேல் மட்டும் ஏன் இந்த வெறுப்பு?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வீட்டில் யாராவது இதை மனப்பிரமை என்றால் நம்பாதீர்கள். உங்கள் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம்; பல தடவை இப்படி நடந்தபின் சத்தம் கேட்டாலே எச்சில். எதையும் எதோடும் இப்படி முடிச்சுப் போடலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவே சில நொடிகளுக்கு மேல் போகக்கூடாது என்றுதான் நடத்தையியல்காரர்கள் (வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய்ந்த உளவியலாளர்கள்) ரொம்ப நாள் நம்பினார்கள். உங்களுக்கோ ஒரே தடவை, அதுவும் ஒரு மணி நேரம் கழித்து!

அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் கோயலிங்கும் 1966-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலி குழாயை நக்கினால் சாக்கரின் தித்திப்பு வரும். கூடவே ஒரு வெளிச்சம், ஒரு 'க்ளிக்'. சில எலிகளுக்கு எக்ஸ்ரே கதிரால் குமட்ட வைத்தார்கள். மற்றவற்றுக்கு மின்சார ஷாக். அப்புறம் தித்திப்புத் தண்ணீரைத் தனியாகவும், வெளிச்சமும் சத்தமுமாக வெறும் தண்ணீரைத் தனியாகவும் வைத்தார்கள். குமட்டிய எலி தித்திப்பை ஒதுக்கியது. வெளிச்சம், சத்தம் பற்றிக் கவலையே படவில்லை. ஷாக் வாங்கிய எலி அப்படியே தலைகீழ். வயிறு புரட்டினால் வாய்க்குள் போனதைச் சந்தேகப்படு, தோல் சுரீரென்றால் கண்ணிலும் காதிலும் பட்டதைச் சந்தேகப்படு என்று உடம்பே கணக்கு வைத்திருக்கிறது. பஸ் தப்பித்தது இப்படித்தான். கார்சியாவின் கட்டுரைகளை முதலில் நம்பாமல் திருப்பி அனுப்பிய ஆராய்ச்சி இதழ்களும் உண்டு.

எனக்கும் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது, கசப்பு மாத்திரையைப் பூவன் பழத்துக்குள் செருகிக் கொடுத்தார் அம்மா. மாத்திரை, பழம் இரண்டும் வெளியே வந்துவிட்டன. 50 வருஷமாகப் பூவன் பழம் தொடுவதில்லை. ரஸ்தாளி என்றால் நாலு உள்ளே போகும்!

சரி, உங்களுக்கு வழி? வீட்டில், நல்ல பசியில், ஒரே ஒரு கவளம். பல தடவை வயிறு சும்மா இருந்தால்தான் மூளை இறங்கிவரும், அவசரப்படாதீர்கள். இன்னொன்று: குமட்ட வைக்கும் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கு, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே வித்தியாசமான ருசியில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் பலிகடா ஆனது, சாப்பாட்டின் மேல் வெறுப்பு குறைந்தது. அடுத்த தடவை மலை ஏறும்முன், இனி ஜென்மத்துக்கும் தின்னாவிட்டால் பரவாயில்லை என்று தோன்றும் மிட்டாய் ஒன்றை வத்தலகுண்டில் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.