வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: கரிசல் மண்ணும் கூரைக் காங்கிரீட்டும்

கேள்வி: எங்கள் மனை முழுக்கக் கரிசல். அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியிருக்கிறது. "அஞ்சடிக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும்" என்கிறார் மேஸ்திரி. அப்படியே செய்யலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: செய்யாதீர்கள் அம்மா. கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கிப் பிளக்கும். இந்த ஏற்ற இறக்கம் மேலே ஐந்து அடியோடு நிற்பதில்லை. ஆழமான கரிசலில் பத்துப் பதினோரு அடி வரைக்கும் இருக்கும். வீட்டின் வெளியோரத்து மண் நனைந்து காயும். நடுவீட்டின் அடிமண் அவ்வளவாக மாறாது. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கும்போது சுவர் அதன் பலவீனமான இடத்தில் கிழியும். ஜன்னல் மூலைதான் அந்த இடம்.

முதல் வேலை, கரிசல் எத்தனை அடி என்று பார்ப்பது. மனையின் இரண்டு மூன்று இடங்களில் குழி எடுங்கள். மூன்று நான்கு அடியில் சுக்கான் பாறையோ சரளையோ தட்டினால் கவலையில்லை. கரிசலை முழுக்க எடுத்துவிட்டு அந்தக் கெட்டித் தரையிலேயே பில்லர் அடித்தளம் போடலாம். அதற்குக் கீழும் கரிசலே போனால் அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அடி அகன்ற காங்கிரீட் தூண்தான் சரியான வழி. தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் குடம் போல அகலப்படுத்துவார்கள். தண்டு 30 செ.மீ. என்றால் குடம் 75 செ.மீ. வரும். மேல்மண் ஊதித் தூக்கப் பார்த்தாலும் அந்தக் குடம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். எத்தனை பைல், எவ்வளவு இடைவெளி என்பதை மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். பரிசோதனை செய்பவரிடம் 'ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ்' அளவையும் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவு மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவைத்து ஒப்பிடும் எளிய சோதனை அது. மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக ஊதுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பைல் போட்டும் விரிசல் விடுவதுண்டு. பெரும்பாலும் பெல்ட் பீமில் நடக்கும் தவறுதான் காரணம். பைல்களின் தலையை இணைக்கும் பீமை மண்மேலேயே வார்த்துவிட்டால், ஊதும் மண் பீமைக் கீழிருந்து நெட்டித் தள்ளும். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி கட்டாயம் வேண்டும். பக்கவாட்டில் மண் சரியாமல் செங்கல் வைத்து மறைத்துக்கொள்ளலாம். தோண்டிய கரிசலைப் பேஸ்மெண்டுக்குள் திரும்பக் கொட்டவே கூடாது. கிராவல் போட்டு அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போட்டுவிட்டால் மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காது.

கேள்வி: 1,000 சதுர அடிக்கு 5 அங்குல ரூஃப் காங்கிரீட் போடப்போகிறோம். எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்? போடும் அன்று நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தளம் மட்டும் 416 கன அடி வரும், பீம் தனி. 1 : 1½ : 3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு நூறு கன அடிக்குச் சுமார் 22½ மூட்டை. ஆக 94 மூட்டை, எம்-சாண்ட் ஒன்றே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), முக்கால் அங்குல ஜல்லி மூன்றரை யூனிட். சேதாரத்துக்கு ஐந்து மூட்டை கூடுதலாக இறக்கி வையுங்கள். பாதியில் சிமெண்ட் தீர்ந்து வேலை நிற்பதுதான் பெரிய நஷ்டம்.

பாண்டு (அள்ளிப் போடும் சட்டி) கணக்கை நம்பாதீர்கள். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் வழித்து அள்ளுவார். 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்தில் அடியில்லாத மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சமம். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி.

கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 27. சிமெண்ட் இறுகுவதற்குத் தன் எடையில் கால்பங்குத் தண்ணீரே போதும். மீதி கலவை இளகுவதற்காகச் சேர்ப்பது. அது பின்னால் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்ணிய துளைகளை விட்டுவிடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் ஐந்தாறு வருடம் கழித்து மழைநீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழுகிறது. கூழ் போல ஓடும் கலவை வேலையாட்களுக்கு வசதி, வீட்டுக்குக் கேடு. கலவை இறுக்கமாக இருக்கிறது என்றால் கலவையை இளக வைக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்க்கச் சொல்லுங்கள், தண்ணீரை அல்ல. முந்தின நாள் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி வந்தாலும் இதே சட்டம்தான்: பம்ப் அடைக்கிறது என்று டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயை விட அனுமதிக்காதீர்கள்.

முந்தின நாள் மாலையே கம்பியைப் பார்த்துவிடுங்கள். அடிக்கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கட்டை) இருக்கிறதா? ஜல்லித் துண்டைச் சொருகியிருந்தால் எடுத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். ஃபேன் பாக்ஸ், எலெக்ட்ரிக் பைப் எல்லாம் வரைபடத்தில் உள்ள இடத்தில்தானா? எல்லாவற்றையும் விட முக்கியம் பால்கனியும் சன்ஷேடும். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். காங்கிரீட் தூக்கி வருபவர்கள் மிதித்து அது கீழே அமுங்கிவிட்டால், கம்பி இருந்தும் இல்லாத கணக்கு. முட்டு எடுத்த அன்றே பால்கனி மடங்கி விழும் விபத்துகளுக்கு இது முக்கியமான காரணம். மேல்கம்பிக்கு அடியில் 'சேர்' எனப்படும் வளைத்த கம்பித் தாங்கிகளை வையுங்கள். ஆட்கள் நடக்கப் பலகை போடுங்கள்.

வைப்ரேட்டரை நேராக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெல்ல உருவ வேண்டும். கலவையை இழுத்துத் தள்ளும் மண்வெட்டியாக அதைப் பயன்படுத்தினால் ஜல்லி ஒரு பக்கமும் சிமெண்ட் பால் ஒரு பக்கமும் பிரிந்துவிடும். வேறு வழியில்லாமல் வேலையை நிறுத்த நேர்ந்தால் அறையின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள், சுவரையோ பீமையோ ஒட்டி வேண்டாம்.

கேள்வி: சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) எத்தனை நாளில் பிரிக்கலாம்? வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துகிறார்கள்.
– வாசகர், நாமக்கல்

பதில்: ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இது ஓ.பி.சி. எனப்படும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கான கணக்கு. இப்போது கடைகளில் அதிகம் விற்பது பி.பி.சி. எனப்படும் போசோலானா சிமெண்ட்; அது மெதுவாக வலுவேறும். எனவே சிறிய அறைக்கு 14 நாள், பெரிய ஹாலுக்கும் பீமுக்கும் 21 நாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தளத்து முட்டுகளை நடுவிலிருந்து சுவர் நோக்கி எடுக்க வேண்டும்; பால்கனியில் வெளி நுனியிலிருந்து சுவர் நோக்கி.

முதல் 14 நாளும் தளத்தின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கட்டும். காலையும் மாலையும் தெளிப்பது வெயில் காலத்தில் போதாது, நடுப்பகலில் தளம் காய்ந்துவிடும். பில்லர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: எடை போடாமல் கம்பி எண்ணிக்கையில் கணக்குத் தருகிறார்கள். சரிபார்ப்பது எப்படி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளக் கம்பிக்கு: 8 மி.மீ. 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4, 12 மி.மீ. 10.67, 16 மி.மீ. 18.96. 10 மி.மீ. வரைக்கும் 7 சதவீதமும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதமும் கூடக்குறைய இருக்க ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. ஒரு கம்பியை மட்டும் நிறுத்துப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக எடை போட்டுப் பாருங்கள். குறைவு இந்த வரம்பைத் தாண்டினால் லோடை இறக்காமலே திருப்பி அனுப்புங்கள். இறக்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு பேசுவது கடினம்.