டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதுமா? ஊருணி நீரைக் கண்காணிக்கும் முறை

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் ஊருணி பாதிக்கு மேல் நிறைவதில்லை. மாசி பிறந்தால் தண்ணீர் பச்சை பாய்ந்து வாடை அடிக்கிறது. இளைஞர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கண்காணிக்க நினைக்கிறோம். கையில் ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. ஆனால் புதிதாக வாங்க வேண்டியதும் அதிகமில்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே நாளில் பார்த்து ஒரே நோட்டில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் இரண்டுமே பாதிதான் பேசும்.

கோடையில் ஊருணி வற்றியதும் ஆழமான இடத்தைப் பூஜ்யமாக வைத்து, படித்துறையின் செம்புறாங்கல் சுவரில் எனாமல் பெயின்டால் சென்டிமீட்டர் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு படி மட்டத்திலும் நீள அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப்போக ஊருணி குறுகும். மேலே ஒரு சென்டிமீட்டர் தரும் தண்ணீரை அடியில் ஒரு சென்டிமீட்டர் தராது.

மழையை அளக்க, நேர்ச்சுவர் உள்ள பாத்திரத்தை மரநிழல் படாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர். இப்போது சுவரில் போட்ட கோடுகளைப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் மழைக்கு ஊருணி 4 சென்டிமீட்டரை ஒட்டித்தான் ஏறியிருக்கிறது என்றால், அது நேராக ஊருணிக்குள் விழுந்த மழை மட்டுமே. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் எதுவும் கொண்டுவரவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. அடுத்த பெருமழையில் குடையோடு வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். தைலமரத் தோப்பின் வரப்போ, புது ரோட்டுக்கு அடியில் தூர்ந்த குழாயோ, தண்ணீர் எங்கே திரும்புகிறது என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஓடும் தண்ணீரையும் அளக்கலாம். பாதி தண்ணீர் அடைத்த பாட்டிலை மிதக்கவிட்டு, 10 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். ஓட்டத்தின் அகலம் 1 மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 100 லிட்டர். மேல்மட்டத்தைவிட அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள், 85 லிட்டர்.

உங்கள் மீட்டருக்கு உண்மையான வேலை மழை ஓய்ந்த பிறகுதான். ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகும். மண்ணுக்குள் இறங்குவதும் மோட்டார் இழுப்பதும் உப்பையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே ஊருணியில் இருக்கும் தண்ணீர் பாதியாகி டிடிஎஸ் 150-லிருந்து 300-ஐ நெருங்கினால் பெரும்பகுதி வெயில் குடித்தது. பாதியாகியும் 150-ஐ ஒட்டியே நின்றால் கசிவு, அல்லது யாரோ இறைக்கிறார்கள். மட்டம் அசையாமல் டிடிஎஸ் மட்டும் ஏறினால் ஏதோ ஒரு கழிவுநீர் உள்ளே வருகிறது, உடனே தேடுங்கள்.

குடிக்கலாமா என்பதை அந்த மீட்டர் சொல்லாது. காரைக்குடிப் பக்கம் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் எந்தத் தண்ணீரானாலும் ருசி கிருமியைக் காட்டாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்பார்கள். ஆனால் 100 மில்லிலிட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பரிசோதனைப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள கிருமிச் சோதனைக் குப்பியில் ஊற்றிவைத்த தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்தால் காய்ச்சாமல் தொடாதீர்கள். போர்வெல் தண்ணீரை ஃப்ளோரைடு, நைட்ரேட்டுக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பச்சைக்குக் காரணம் பாசி. ஒரே நாளில் விடியற்காலையும் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள். காலையில் எட்டுக்குள் இருந்து பிற்பகலில் ஒன்பதைத் தாண்டினால் பாசி மிஞ்சிவிட்டது. சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் மாட்டுச் சாணமும் வரும் வழியை அடைக்காமல் தூர்வாருவதில் பயனில்லை.

ஊருணியைச் சுற்றி நாலைந்து கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு குறி வைத்து, மோட்டார் போடும் முன் விடியற்காலையில் நீர்மட்டத்தை அளங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் அளக்கிறது. நீங்களும் அந்த மாதங்களை விடாமல் பிடித்தால் ஒப்பிட வசதி. புரட்டாசி முடிவதற்குள் கோடுகள் தயாராக இருக்கட்டும், முதல் மழையின் கணக்கு விட்டுப்போகக் கூடாது.